மாமாவின் வெள்ளைச் சட்டையும் என் விமானப்படை வேலையும்

போர் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வயிறு கல்லால் ஆனது என்று பலரும் நினைக்கிறார்கள். என் வயிறு அப்படியல்ல. எங்கள் மலையூரான கீரிப்பாறையில் ஊரே அதைப் பார்த்துவிட்டதால், இனி மறைத்துப் பயனில்லை.

விமானப்படைப் பயிற்சிக்கு நான் தேர்வானபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மா அரசு ரப்பர் தோட்டத்தில் மரங்களைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். போர் விமானப் பிரிவில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் மலைப்பக்கத்திலிருந்து அதற்கு ஆசைப்பட்ட முதல் பெண் நான்தான். (இந்தத் தகவலைக் கேட்காதவர்களிடமும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.) சிறுவயது முதல் பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவின் அண்ணன் தங்கராஜ் மாமாதான் முதலில் எதிர்த்தவர். “பிளேன் ஓட்டுத பெண்ண எவன் கெட்டுவான்?” என்று கேட்ட அதே மாமா, தேர்வான செய்தி வந்ததும் தேவாலயச் சபையாரைக் கூட்டி எனக்கு ஜீப் ஊர்வலம் ஏற்பாடு செய்தார்.

மலையடிவாரத்திலிருந்து ஆலயம் வரை திறந்த ஜீப். நான் கறுப்புக் கண்ணாடியும் மாலையுமாக நின்றபடி கையசைத்தேன். பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மாமா. நான்காவது வளைவில் வாயில் உமிழ்நீர் ஊறியது. (அனுபவசாலிகளுக்கு அதன் அர்த்தம் தெரியும்.) வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆலய வாசலில் ஜீப் நின்றது. மாமா பொன்னாடையை விரித்து என் பக்கம் திரும்பினார். காலையில் தின்ற புட்டும் பயறும் பழமும் அவர் சட்டை மீது போய் விழுந்தன.

“ஏட்டி, இதுவா பிளேன் ஓட்டப் போவுது?” என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

மாமா பொன்னாடையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். “எங்க பிள்ள பிளேன் ஓட்டும்னுதான் நாங்க சொன்னோம். ஜீப்புல இருக்கும்னு ஆரும் சொல்லல்ல,” என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். “நான் போவல்லம்மா. அங்க வானத்துல தலைகீழா சுத்தணும்.”

“எனக்கு அட்டை கடிக்காத நாளு உண்டா? பால் வெட்டாமலா வந்தேன்?” என்றாள் அம்மா.

புறப்பட இன்னும் இருபது நாள் இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் அம்மா என்னை நாகர்கோவில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார வைத்தாள். போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்புவோம். அவளோடு பால் வெட்டும் ஞானம்மா அக்காவும் ரோசிலி அக்காவும் முறைபோட்டுக் கூட வந்தார்கள். ஒருத்தி என் தலையைப் பிடிப்பாள், அம்மா பையைப் பிடிப்பாள். விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள். அந்த நேரத்தில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டியவர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. “மெதுவா பிடிங்க” என்று அவர்களை அதட்டினேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

பதினெட்டாம் நாள் வாந்தி வரவில்லை. தூங்கி விழுந்துகொண்டிருந்த ஞானம்மா அக்கா திடுக்கிட்டு விழித்துப் பையை நீட்டினாள். “என்னட்டி, இன்னும் வரல்லியா?”

பயிற்சி விமானத்திலும் முதல் சில நாட்கள் வயிறு புரளத்தான் செய்தது. ஆனால் பயப்படவில்லை. வாந்தி வந்தால் எடுத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. போர் விமானப் பிரிவும் கிடைத்தது.

பயிற்சி நிறைவு விழாவுக்கு மாமாவும் அம்மாவும் விமானத்தில் வந்தார்கள். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

“பிளேன் எப்படிம்மா இருந்துது?” என்று ஆவலாகக் கேட்டேன்.

அம்மா கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னாள்: “ஒரு வளைவுகூட இல்லியே மக்கா. இதுக்கா இவ்வளவு படிச்ச?”

இப்போதும் லீவில் வீட்டுக்கு வந்து நான் வேலையைப் பற்றிப் பெருமை பேசத் தொடங்கினால், யாராவது ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார்கள்: “அதுல வளைவு உண்டா?”