கறுப்புத் திரையில் மாப்பிள்ளை செய்த உபகாரம்

மயிலாப்பூர்,
21-10-1999

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை ஸ்ரீவத்சன் அவர்களுக்கு, ராமானுஜம் மனம் நிறைந்த ஆசீர்வாதங்களுடன் எழுதியது. இங்கு நானும் தங்கள் மாமியார் ஹம்சாவும் சௌக்கியம். பெங்களூரில் தாங்களும் எங்கள் பெண் மாளவிகாவும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறோம்.

நேற்று டெலிபோனில் தாங்கள் செய்த உபகாரத்துக்கு நேரில் வந்து நமஸ்காரமே பண்ணியிருப்பேன். மாமனார் மாப்பிள்ளைக்குப் பண்ணக்கூடாது என்று ஹம்சா தடுத்துவிட்டாள்.

ரிடையர் ஆனதும் லினக்ஸ் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன் அல்லவா? அங்கே வாத்தியார் அடிப்பார், நாங்கள் பார்ப்போம். அந்தத் தைரியத்தில் தி.நகர் பாத்திரக்கடை அய்யாதுரைக்கு கடையை இன்டர்நெட்டில் காட்ட ஒரு வெப் சர்வர் வைத்துக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது அவருக்கு ஆகாது. பட்டனை அமுக்கியே எல்லாம் நடக்கவேண்டும் என்றார். அதற்குக் கன்ட்ரோல் பேனல் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்று வாயை விட்டேன். மனுஷர் அதை நம்பி, நேற்று காலை திறப்பு விழா என்று சொந்தக்காரர்களை வரவழைத்து, மானிட்டருக்கு மல்லிகைப்பூ சாத்தி, கேசரி வேற கிண்டி வெச்சுட்டார். நான் போய் உட்கார்ந்தா முதல் கேள்வியே பாஸ்வேர்ட். அடிக்கறேன் அடிக்கறேன், திரையில ஒரு எழுத்து விழலை. கீபோர்டு அவுட்னு ஆட்டோ பிடிச்சு, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ரிச்சி தெருவுல புதுசு வாங்கிண்டு வந்தேன். அதுலயும் விழலை. வெறுத்துப்போய் எண்டரைத் தட்டினா உள்ள விட்டுடுத்து! பாஸ்வேர்டைக் காட்டவே காட்டாதாமே? சரின்னு இன்ஸ்டால் பண்ணினா, பேனல் திறக்கலை. மறுபடி பண்ணினேன். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் 'போர்ட்ங்கற வாசல்ல ஏற்கெனவே ஆள் இருக்கு'ங்கற மாதிரி இங்கிலீஷ்ல திட்டறது.

"என்ன சார்வாள், தொறக்குமா தொறக்காதா? தூத்துக்குடியிலருந்து மச்சான் வந்து உக்காந்திருக்காரு!"ன்னார் அய்யாதுரை.

கடை போன்லேர்ந்தே உங்க ஆபீசுக்குப் போட்டு, ஸ்ரீவத்சன் வேணும்னேன். நீங்க எடுத்ததும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். "சார், ஒரு நிமிஷம்..."னு ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேள், நான்தான் விடலை. மாமனாரை சார்னு கூப்பிடற அந்த மரியாதை இருக்கே, மாப்பிள்ளை, கண்ல ஜலம் வந்துடுத்து. கல்யாணத்துல என்கிட்ட ரெண்டு வார்த்தை பேச யோசிச்சவரா இவர்!

"பதறாதீங்க சார். முதல்ல போட்டது பாதியில மாட்டிக்கிட்டு அந்த இடத்தை விடாம உக்காந்திருக்கு. அதைக் காலி பண்ணினாதான் அடுத்தது உக்காரும். கில்னு அடிங்க."

"ஏகாதசியும் அதுவுமா கொல்லச் சொல்றேளே!"

"ப்ரோகிராமைத்தான் சார். உயிர் கிடையாது."

பெருமாளை நினைச்சுண்டு அடிச்சேன். நீங்க சொன்ன ஒரு வரியையும் திருத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினா, பேனல் பளிச்சுனு வந்து நின்னுது! அய்யாதுரை என்னைக் கட்டிண்டுட்டார். மச்சான் கை தட்டினார். அந்தச் சந்தோஷத்துலதான் உங்களைத் தீபாவளிக்குக் கட்டாயம் வரணும்னு சொன்னேன். நீங்க கொஞ்சம் தயங்கிட்டு, "நிஜமாவா சார்? மெஸ் சாப்பாடு அலுத்துப்போச்சு, வர்றேன்"னேள். மாளவிகாவின் சமையலைத் தாங்கள் இவ்வளவு நாசூக்காகக் குறிப்பிட்டதை ஹம்சாவிடம் நான் சொல்லவில்லை.

தங்களைப் போல் ஒருவர் எங்களுக்கு வாய்த்தது பூர்வ ஜன்ம புண்ணியம். சகல சௌபாக்கியங்களுடன் தம்பதியாக நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நன்றியுள்ள மாமனார்,
ராமானுஜம்

பி.கு.: கவரை ஒட்டும்போது மாளவிகா போன் பண்ணினாள். தாங்கள் ஞாயிற்றுக்கிழமையே டெல்லிக்குப் போய்விட்டீர்களாம். தங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இன்னொரு ஸ்ரீவத்சன், கல்யாணமாகாத பிள்ளை, இருக்கிறாராம். நேற்று போனை எடுத்தது அவராம்; ஆபீசில் நம்பர் வாங்கி அவளைக் கூப்பிட்டு எங்காத்துக்கு வழி கேட்டிருக்கிறார். ஆகவே, மேற்கண்ட நன்றியை எல்லாம் திரும்பி வந்ததும் அவரிடம் சேர்ப்பிக்கவும். ஆசீர்வாதம் மட்டும் தங்களுடையது. தீபாவளிக்கு அவர் ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டாராம். தங்களுக்கும் சௌகரியப்பட்டால் வரவும்.