வரிசையார் பாம்பில் ஏறிய நாள்

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இரண்டும் தவறு. வரிசைதான் அது. முதன்முதலாக ஒருவன் நெருப்பை மூட்டியபோது சுற்றிலும் கும்பல் சேர்ந்திருக்கும். "ஒவ்வொருத்தரா வாங்க" என்று சொல்ல ஒருவன் இருந்திருப்பான். வரலாறு அவனை மறந்துவிட்டது. அந்த அநீதியைச் சரிசெய்யவே நம் வரிசையார் பிறந்தார்.

வரிசையார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. சக ஊழியர்கள் வைத்தது. சான்றிதழ் வழங்கும் அலுவலகம் ஒன்றில் 'வரிசை ஒழுங்குப் பிரிவு'க்கு அவர்தான் தலைவர். அவர் வருவதற்கு முன் அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு முன் ஒரு கூட்டம் இருந்தது. ஜனங்கள் முட்டி மோதிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, கொஞ்சமும் நாகரிகமில்லாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வரிசையார் கயிறு கட்டினார். தரையில் பாதச் சுவடுகள் ஒட்டினார். டோக்கன் கொடுத்தார். டோக்கன் வாங்க ஒரு வரிசை, அந்த வரிசை எங்கே தொடங்குகிறது என்று விசாரிக்க இன்னொரு வரிசை என்று படிப்படியாக அலுவலகத்தை உயர்த்தினார். இப்போது அங்கே கூச்சல் இல்லை. தள்ளுமுள்ளு இல்லை. சான்றிதழும் அவ்வளவாக இல்லை. ஆனால் வெளியூர் அதிகாரிகள் வந்து, பார்த்து, வியந்துவிட்டுப் போகிறார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டவள் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு அவரிடம் குறையென்று பெரிதாக எதுவும் இல்லை. குடிக்கமாட்டார். கத்தமாட்டார். பக்கத்தில் உட்காரமாட்டார். கடைசியாகச் சொன்னதுதான் குறை.

வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். அவள் 'உப்பு' என்றால், "கொஞ்சம் பொறு" என்பார். அவள் சோபாவில் உட்கார்ந்தால் அவர் எதிர் நாற்காலிக்குப் போவார். பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் கிடைத்தால் அதை யாராவது ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரியவர் இல்லாவிட்டால் வரவழைப்பார். கல்யாணத்தன்று ஃபோட்டோவுக்காக ஒருமுறை ஒட்டி உட்கார்ந்தார். அதுவும் ஃபோட்டோகிராபர் தோளை அமுக்கியதால்.

அதனால்தான் கேளிக்கைப் பூங்காவின் விளம்பரத்தை அவள் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் 'பாதாளப் பாம்பு' என்ற பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர். பச்சை நிறப் பெட்டிகள். பெட்டிக்கு இரண்டிரண்டு இருக்கை. இருவர் மடிக்கும் குறுக்கே ஒரே ஒரு இரும்புக் கம்பி. அந்தக் கம்பிதான் அவளுக்குப் பிடித்தது. அது இறங்கிவிட்டால் எவரும் எழுந்து எதிர்ப்பக்கம் போக முடியாது.

"கல்யாண நாளுக்கு என்ன வேணும்?" என்று அவர் கேட்டபோது சட்டென்று சொன்னாள்.

"பாதாளப் பாம்புல உங்க பக்கத்துல உட்காரணும்."

"அதுல ஏறணும்னா ரொம்ப நேரம் நிக்கணுமாமே."

"ஆமா."

"அப்ப போகலாம்," என்றார் வரிசையார். கண்கள் மின்னின.

பூங்காவின் வாசலிலேயே அவர் கைகூப்பி நின்றுவிட்டார். பளபளக்கும் வரிசைக் கம்பிகள் வளைந்து வளைந்து ஒரு பெரிய குடலைப் போலக் கிடந்தன. அதற்குள் ஜனங்கள் மெல்ல மெல்லச் செரிமானமாகிக்கொண்டிருந்தார்கள். வரிசையார் ஒரு கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"நேரா நடந்தா நாலு எட்டு. அதை எவ்வளவு தூரமாக்கிட்டாங்க பாரு. மூளைன்னா இது."

"உள்ள போகலாங்க."

"இதுவே உள்ளதான்."

காலைப் பொழுது இன்பமாகக் கழிந்தது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. முதலில் சுழலும் கோப்பையில் ஏறினார்கள். கோப்பைக்கு நடுவே ஒரு சக்கரம். அதற்கு அந்தப் பக்கம் அவர். குடைராட்டினத்தில் அவளுக்கு ஒரு வெள்ளைக் குதிரை. அதற்குப் பின்னால் வந்த குதிரையில் அவர். "இடிக்காம வரிசையா போகுது பார்" என்று ராட்டினம் நிற்கும்வரை குதிரைகளைப் பாராட்டிக்கொண்டே வந்தார். படகில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும் என்பது விதி. செங்குத்தாக விழுந்த படகு இருவரையும் தலை முதல் கால்வரை நனைத்தது. அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். "முன்னறிவிப்பு இல்லாம தண்ணி விடறாங்க" என்று சட்டையைப் பிழிந்தபடி அவரும் சிரித்தார்.

ஐஸ்கிரீம் வாங்கப் போனவர் தனக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னால் அனுப்பிவைத்துவிட்டு ஐஸ்கிரீம் தீர்ந்துபோக வெறும் கோனோடு திரும்பினார். வழியில் கரடி வேஷம் போட்டவர் குழந்தைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகள் நாலா பக்கமும் மொய்த்தன. வரிசையாருக்குப் பொறுக்கவில்லை.

"இடப்பக்கம் வந்து, கட்டிப் பிடிச்சு, வலப்பக்கம் போகணும்," என்று ஏற்பாடு செய்தார்.

"சார், நகருங்க சார்," என்றது கரடி உள்ளிருந்து. "காத்து வரல. வேகுது."

அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. வார்டில் நின்று வருகிற வீக்கம் அவளுக்குத் தெரியும். இது வேறு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெதுவெதுப்பான தரையில் நடந்தாள். இது சந்தோஷ வீக்கம். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்று மரங்களுக்கு மேலே சீறிக்கொண்டு போனது. கூடவே ஒரு கூட்டத்தின் அலறலும் போனது. வரிசையார் அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தது. மூடியது. "வரிசை நல்லா இருக்கு" என்றார்.

நின்றார்கள். நகர்ந்தார்கள். அவர்கள் முறை நெருங்கியபோது பின்னால் ஒரு புதுமண ஜோடி தெரிந்தது.

"சின்னஞ்சிறுசுங்க. அவங்க முதல்ல போகட்டும்," என்றார் வரிசையார்.

போனார்கள். அடுத்து ஒரு பெரியவர்.

"வயசானவர். எப்படி நிப்பார்?"

பெரியவர் போனார். இறங்கி வந்து மறுபடி நின்றார். "வயசானவர், பாவம்" என்று மறுபடியும் அனுப்பினார் வரிசையார். பிறகு கல்லூரி மாணவர்கள். பிறகு இரட்டைக் குழந்தைகளோடு ஒரு குடும்பம். பிறகு, நல்ல காலணி அணிந்திருந்த ஒருவர்.

"அவருக்கு என்னங்க அவசரம்?" என்றாள் அவள்.

"ஷூ கடிக்குது போல. முகத்தைப் பார்த்தா தெரியல?"

வாயிலில் பாம்புப் படம் போட்ட தொப்பியோடு நின்ற பெண் இதையெல்லாம் மரியாதையோடு கவனித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஹெட் ஆபீஸா?"

"வரிசைப் பிரிவு," என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை.

தொப்பிக்காரப் பெண் தன் விசிலைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டாள். அதன்பின் அங்கே நடந்ததைப் பொற்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒற்றை வரிசை பல வரிசைகளாக மலர்ந்தது. 'முதல் முறை ஏறுவோர்' ஒரு பக்கம். 'மீண்டும் ஏறுவோர்' ஒரு பக்கம். 'கண்ணாடி அணிந்தோர்' தனி. ஜோடி சேராத இருக்கை வீணாகக்கூடாது என்று 'தனியாக வந்தோர்' தனி. 'இன்னும் தீர்மானிக்காதோர்' என்று ஒரு வரிசை. இந்தக் கடைசி வரிசைதான் மற்றவற்றைவிட நீளமாக வளர்ந்தது. அதில் பெரும்பாலும் கணவர்கள்.

"இந்த வரிசை ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார் அதில் நின்ற தொப்பை மனிதர் ஒருவர். "நகரவே மாட்டேங்குது. அப்படியே வச்சிருங்க."

"உங்க வீட்டம்மா எங்க?"

"மூணு தடவை ஏறி இறங்கிட்டா சார். என்னைத் தேடினா, தீர்மானம் ஆகலன்னு சொல்லிடுங்க."

அவள் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தன் கணவரைப் பார்த்தாள். விசில் ஊதினார். கை காட்டினார். பெட்டி வந்து நிற்கும்போதெல்லாம் ஓரடி பின்னால் போனார். நெற்றியில் வியர்வை. நிழலில் நிற்கிறவருக்கு ஏன் வியர்க்கிறது?

அவளுக்குப் புரிந்தது. வார்டில் ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளைகள் இரண்டு வகை. அழுகிற பிள்ளை சுலபம், அமுக்கிப் போட்டுவிடலாம். இன்னொரு வகைதான் கஷ்டம். "அந்தத் தம்பிக்கு முதல்ல போடுங்க ஆன்ட்டி" என்று பெருந்தன்மை காட்டும். மற்ற பிள்ளைகளைக் கட்டிலில் வரிசையாக உட்கார வைக்கும். பஞ்சு எடுத்துக் கொடுக்கும். "அழாதடா, வலிக்காது" என்று தைரியம் சொல்லும். அதைப் பார்த்து டாக்டரே, இந்தப் பிள்ளை பெரிய ஆளாக வருவான் என்பார். வந்துவிட்டான்.

அவள் எழுந்து அவரிடம் போனாள்.

"பயமா இருக்கா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"நிர்வாகத்துல பயம்னு ஒன்னு இல்லம்மா. முன்னுரிமைன்னுதான் உண்டு."

"நம்ம முன்னுரிமை எப்ப வரும்?"

"எல்லாரும் போனப்புறம்."

"எல்லாரும் போனப்புறம் பாம்பும் போயிடும்."

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். விசில் வாயில் இருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. பாதாளப் பாம்பின் இன்றைய கடைசிச் சுற்று. பெட்டிகள் நிரம்பின. முன்வரிசைப் பெட்டி மட்டும் காலி. யாரும் விரும்பாத இடம்.

"மேடம், நீங்க ஏறுங்க," என்றாள் தொப்பிக்காரப் பெண். "உங்க பக்கத்துல தனியா வந்தவர் ஒருத்தரை உட்கார வைக்கறோம். சார் போட்ட ஏற்பாடுதான்."

தனியாக வந்தவர் பணிவாகக் கையுயர்த்தினார். நல்ல மனிதர்தான். ஆனால் அவள் இத்தனை தூரம் வந்தது அந்த மனிதர் பக்கத்தில் உட்கார அல்ல. அவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையின் மேல் கையை வைத்தாள். வழவழப்பாக, சில்லென்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸுகள் டியூட்டியில் அழுவதில்லை. ஊசி போடும்போது என்ன செய்வோம்?

"ஏங்க," என்று கூப்பிட்டாள், சாதாரணக் குரலில். "கடைசிப் பெட்டியில எல்லாரும் கோணலா உட்கார்ந்திருக்காங்க பாருங்க."

விசில் கீழே விழுந்தது.

"கோணலாவா? எங்க?"

"அங்கேர்ந்து தெரியாது. இங்க வந்து உட்கார்ந்து பாருங்க."

வந்தார். உட்கார்ந்தார். கழுத்தைத் திருப்பிக் கடைசிப் பெட்டியை உற்றுப் பார்த்தார். "நேராத்தானே இருக்…"

கம்பி இறங்கியது. ஊசி ஏறிவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் வரிசையார். "எனக்கு முன்னாடி யாரோ நின்னுக்கிட்டிருந்தாங்க."

"யாருமில்ல. நீங்கதான் முதல் ஆளு."

பாம்பு 'கடக் கடக்' என்று ஏறத் தொடங்கியது. கீழே 'தீர்மானிக்காதோர்' வரிசை தலைவரை இழந்து அண்ணாந்து நின்றது. தொப்பை மனிதர் கையசைத்தார், சுடுகாடு வரை வந்து திரும்புகிறவரைப் போல.

"மேல போனா யாராவது அதிகாரி இருப்பாங்களா?"

"வானம்தான் இருக்கும்."

"மனு கொடுக்கலாமா?"

உச்சியில் அது ஒரு கணம் நின்றது. ஊர் முழுவதும் தெரிந்தது. கூரைகள், சாலைகள், எங்கோ அவர் அலுவலகம். அப்புறம் எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் 'ஐயோ' என்றார்கள், 'அம்மா' என்றார்கள். வரிசையாரின் வாயில், வருஷக்கணக்கில் ஊறியதுதான் வந்தது.

"அடுத்தவங்க வாங்க! அடுத்தவங்க வாங்க!"

அவர் விரல்கள் அவள் கையைக் கவ்வின. தோள் தோளோடு மோதியது. கன்னம் அவள் தலைமுடிக்குள் புதைந்தது. அவள் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அவர் எழுந்து எதிர்ப்பக்கம் போகவில்லை. போக முடியாது. கம்பி இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டே இறங்கினார். பெஞ்சு வரை அவள்தான் நடத்திக்கொண்டு வந்தாள். அவள் உட்கார்ந்ததும் அவரும் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில். யாரும் தோளை அமுக்கவில்லை. எதிரே காலி பெஞ்சு ஒன்று கிடந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கையை விடவும் இல்லை.

பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சே! இதுக்கா மனுஷனை இவ்வளவு நேரம் நிக்க வச்சாங்க? இதைக் கேக்க இங்க ஒரு ஆளில்லையா?"

அவர் குரலில் ஒரு சாதாரணக் குடிமகனின் நியாயமான கோபம் இருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கிட்டுப் போறவங்க இதே கேள்வி கேக்க மாட்டாங்களா?"

"தினமும் கேக்கறாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"அடுத்த ஜன்னல்ல கேளுங்கன்னு சொல்வோம்."

"அடுத்த ஜன்னல்ல யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல," என்றார் வரிசையார். பழைய கம்பீரம் திரும்பியிருந்தது. "எங்க ஆபீஸ்லயே வரிசை இல்லாத ஜன்னல் அது ஒன்னுதான்."