வற்றலூரில் மன்னர் தும்மியபோது

எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத நெடுங்குடி நாட்டில், யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர் ‘நூறு’ என்று வாழ்த்துவது வழக்கம். நூறாண்டு வாழட்டும் என்று பொருள். அந்நாட்டுச் சேனையின் உளவுத் தலைவராக இருந்தவர் என் தம்பி செங்கோடர். எங்கள் குடும்பத்தில் பொய்ச்சாட்சி சொன்னவர் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லைப்புறத்து வற்றலூருக்கு ஒருமுறை மன்னர் எழுந்தருளினார். களமெங்கும் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மன்னர் தும்மினார். கூடியிருந்தவர்களில் ஒருவரும் ‘நூறு’ சொல்லவில்லை.

“மன்னரின் ஆயுளுக்கு எதிரான சதி!” என்றார் அமைச்சர்.

ஆணைகள் பிறந்தன. மன்னரைத் தவிர யாரும் தும்மக் கூடாது. தும்மலைத் தூண்டும் மிளகாயை வெயிலில் காயவைக்கக் கூடாது. வற்றலூர் மிளகாய் நிழலில் கிடந்து அழுகியது. மக்கள் நலன் கருதித் தாளிப்பதும் தடைசெய்யப்பட்டது. கடைசியில், சதி உறுதியானால் ஊரைக் கொளுத்திவிடுவது என்று முடிவாயிற்று. உறுதிசெய்யும் பொறுப்பு என் தம்பியிடம் வந்தது.

அவர் வற்றலூருக்கே போய் விசாரித்தார். மிளகாய்க் களத்து வெள்ளைத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: “சதியா? நல்லா இருக்குய்யா கதை! இந்த ஊர்ல நாய் தும்முனாக்கூட நூறுன்னுதான் சொல்லுவோம். ராசா வர்றப்ப எவனும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு தண்டோரா போட்டது யாரு? உங்க ஆளுங்கதானே?”

தம்பி சபைக்குத் திரும்பினார்.

“சதி என்று ஒரு சொல் போதும், செங்கோடரே. சேனாதிபதிப் பட்டம் உமக்காகக் காத்திருக்கிறது” என்றார் அமைச்சர்.

“வற்றலூரார் ஆணைப்படி வாய்மூடி நின்றார்கள். அது சதி என்றால், அந்த ஆணையில் முத்திரை வைத்தவரைத்தான் பிடிக்க வேண்டும்” என்றார் தம்பி.

முத்திரை மன்னருடையது. மன்னர் தம் முத்திரை மோதிரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஊரை மன்னித்தார். என் தம்பியைப் பதவியிலிருந்து நீக்கினார். உடைவாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தம்பி நடந்தே வீடு வந்தார். வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தோம்.

கொளுத்தாமல் விட்ட பேரருளுக்காக வற்றலூரார் ஆண்டுதோறும் நன்றித் திருநாள் கொண்டாட வேண்டும், அரண்மனைத் திசை நோக்கி விழுந்து கும்பிட வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. ஊரே மனமுருகிக் கும்பிடுகிறது. கட்டாயப்படுத்தத் தேவையே இல்லை. புதிய உளவுத் தலைவர் நேரில் பார்த்துவிட்டு, “இவ்வளவு நன்றியுள்ள மக்களை எங்கும் கண்டதில்லை” என்று சபையில் அறிவித்தார். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வற்றலூரிலிருந்து பார்த்தால், என் தம்பி வீடும் அதே திசையில்தான் இருக்கிறது.