பெட்டி மலைக்கு, மனைவி கடலுக்கு

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், துறைமுகத்துக்கு எதிரேயுள்ள ஓட்டலின் மூன்றாம் மாடியிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன்; உறுதியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், அவள் இப்போது நடுக்கடலில் இருக்கிறாள். நான் கரையில் இருக்கிறேன். எங்கள் பெட்டிகள் இரண்டும் மலைமேல் இருக்கின்றன. ஒரு சின்னக் குடும்பம் மூன்று திசைக்கு எப்படிப் பிரிந்தது என்பதை விளக்கவே இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலி, அக்காவின் தலைசுற்றல் இரண்டும் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று அக்கா கேட்பார்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் உள்ளே புகுந்து, "இருங்க மாப்பிள்ளை, நான் சொல்றதை முதல்ல கேளுங்க" என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. அதனால்தான் ஓட்டல்காரர்கள் மேசையில் வைத்திருந்த தாளை எடுத்து, அவர்கள் பேனாவாலேயே எழுதுகிறேன்.

கப்பல் ஆசை யாருடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அதையும் என் தலையில் கட்டிவிடக் கூடாது. எனக்கில்லை. நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். தண்ணீரில் மனிதனுக்கு என்னென்ன ஆகலாம் என்று விலாவாரியாக எடுத்துச் சொல்லித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. உங்கள் தங்கை கதை வேறு. முப்பது வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்ட அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே ஓரம் தெரியாத எதையாவது பார்க்கணும்" என்றாள். இரண்டு தடவை ஏற்பாடு செய்தோம், இரண்டு தடவையும் நின்றுபோனது. முதல் தடவை என் கடைவாய்ப் பல். இரண்டாவது தடவை எனக்கு என்ன வந்தது என்று டாக்டராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது தடவை டிக்கெட் வாங்கும்போது, "இதுவும் நின்னா இனி நான் கேக்க மாட்டேன்" என்றாள். அவள் ஒன்றைக் கேட்காமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்பது அவளோடு பிறந்த உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பயத்தில்தான் உங்கள் வீட்டுக்கு வந்து யோசனை கேட்டோம். ஒரே ஒரு தடவை கப்பலில் போய் வந்ததிலிருந்து நீங்கள் மாலுமி மாதிரி காலை அகட்டி நடக்கிறீர்கள் என்று குடும்பத்தில் பேசிக்கொள்கிறார்களே, அதையெல்லாம் நான் உங்கள் காதில் போட விரும்பவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்தீர்கள். விமானம் வேண்டாம், ரயில்தான். ரயில் துறைமுகத்து வாசலிலேயே கொண்டுபோய் விடும். அன்றைக்கே போகக் கூடாது. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அதனால் முந்தின நாளே போய் ஓட்டலில் தங்க வேண்டும். அதுவும் துறைமுகம் தெரிகிற அறை. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, பெட்டிக்குள் ஜிப் போட்டு வைக்க வேண்டும். ஓட்டலில் எந்தப் பக்கத்து ஜன்னல் என்று நீங்கள் விவரித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் சொருகிவிட்டது. தப்பு என்மேல் இல்லை, அக்காவின் சமையல் அப்படி. நான் விழித்தபோது நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இது: "பெட்டியைப் படுக்கறதுக்கு முன்னாடி அறைக்கு வெளியே வச்சிடணும் மாப்பிள்ளை. அவங்களே எடுத்துட்டுப் போய்ச் சேர்த்துடுவாங்க. நாம கையை வீசிக்கிட்டு நடக்கலாம்." எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினேன். நான் தூங்கிய நேரத்தில் நீங்கள் ஓட்டலைக் காலி செய்து, கப்பலேறி, ஊரெல்லாம் சுற்றி, கப்பலை விட்டு இறங்குவதற்கு முந்தின நாளுக்கு வந்துவிட்டீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தூங்குகிறவனைத் தட்டி எழுப்பிவிட்டு அல்லவா கப்பலேறியிருக்க வேண்டும்?

ரயிலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை. தாமதமாகும் என்று நம்பித்தானே ஒரு நாள் முன்னாலேயே கிளம்பினோம்? அது சொன்ன நேரத்துக்கும் முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வழியெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், கப்பலில் போன தன் நாத்தனார் படுத்த படுக்கையாகவே உலகத்தைச் சுற்றிவிட்டு வந்த கதையை, வாளி உட்பட, எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். உங்கள் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். ஸ்டேஷனில் லிப்ட் ஓடவில்லை. படி ஏறி, படி இறங்கி, பெட்டிச் சக்கரம் ஒன்றைத் தண்டவாளத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், நேர் எதிரே கப்பல், வெள்ளையாக, ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி. கை நீட்டினால் தொடலாம். நடுவில் ஒரு மதில். வாசல் எங்கே என்று கேட்டோம். கேட்ட மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள். நீங்கள் சொன்ன "துறைமுகத்து வாசல்" மதிலைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோடியில் இருக்கிறது என்பதை உங்கள் அடுத்த மாணவர்களுக்காவது சொல்லிவிடுங்கள்.

ஓட்டலில் அறை தயாராகவில்லை. இவ்வளவு சீக்கிரம் வருவோம் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை, ரயிலை நம்பியிருக்கிறார்கள். வெகுநேரம் சோபாவில் உட்கார்த்தி வைத்துவிட்டுச் சாவி கொடுத்தார்கள். துறைமுகம் தெரிகிற அறைதான். குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. உங்கள் தங்கை ஏறி நின்றவள் இறங்கவே இல்லை.

"என்ன தெரியுது?"

"கொஞ்சம்."

"இறங்கு. நாளைக்கு முழுசாப் பார்க்கலாம்."

"நாளைக்கு உங்களுக்கு எந்தப் பல்லும் வலிக்காதே?"

எப்படிப் பேசுகிறாள் பாருங்கள்.

சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தால், நடைவழியில் அறைக்கு அறை வாசலில் பெட்டிகள் வரிசையாக நின்றன. உங்கள் வாக்கு அப்படியே கண்முன்னே. உடனே நானும் கட்ட ஆரம்பித்தேன். போட்டிருந்த பேண்ட்டையும் சட்டையையும் மடித்து உள்ளே வைத்து, பைஜாமாவுக்கு மாறி, பூட்டி, வெளியே தள்ளினேன். காலையில் என்ன உடுத்துவது என்ற கேள்வி அந்த நேரத்தில் எழவில்லை. உங்கள் தங்கை நாளைய துணியைத் தனியாக எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டல் அறைக்கு வெளியே எதுக்குங்க பெட்டியை வைக்கணும்?"

"எல்லாரும் வச்சிருக்காங்க பாரு. நாம மட்டும் உள்ளே பூட்டி வச்சா, கப்பலையே பார்க்காத ஆளுங்கன்னு நினைப்பாங்க."

"பார்க்கலைதானே?"

"உன் அண்ணன் சொன்னாரு."

"அண்ணனே சொன்னானா? அப்ப சரி."

இந்த "அப்ப சரி"யைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சொன்ன எதற்கும் இத்தனை வருஷத்தில் அது கிடைத்ததில்லை.

காலையில் கதவைத் திறந்தால் பெட்டிகள் இல்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. பைஜாமாவோடு கீழே இறங்கி, வரவேற்பறைப் பெண்ணிடம், "எங்க பெட்டி இந்நேரம் கப்பல்ல ஏறியிருக்குமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் என் பைஜாமாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கப்பல் சார்?"

"எதிர்ல நிக்குதே."

"அதுக்கு இங்கேருந்து யாரும் பெட்டி எடுத்துட்டுப் போக மாட்டாங்களே. நீங்கதான் சார் கொண்டுபோகணும்."

"அப்ப நேத்து வாசல்ல இருந்த பெட்டியெல்லாம்?"

"அது மலைக்குப் போற நடைக் குழு சார். விடிஞ்சதும் வேன் வந்து அவங்க பெட்டியை ஏத்திட்டுப் போயிடுச்சே."

மச்சான், பெட்டியைத் தானே வெளியே வைத்துத் தொலைத்தவருக்கு இழப்பீடு கிடையாது என்று எத்தனையோ பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் வரவேற்பறைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் குழுவின் தலைவரைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். முந்தின நாள் சாப்பாட்டுக்கே விசில் ஊதி ஆள் சேர்த்த மனிதர். அவர் ரொம்பச் சாவதானமாக, "ரெண்டு பெட்டி கூடுதலா இருக்கேன்னு நாங்களும் பார்த்தோம். ஒண்ணுல பூட்டு சரியா விழலை சார். இங்கே நல்ல குளிரு. எங்க பொருளாளர் உள்ளே இருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கிட்டார், தப்பா எடுத்துக்காதீங்க, அளவு சரியா இருக்கு" என்றார். வேன் கீழே வரும்போது பெட்டியைக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "நடந்து முடிச்சதும்" என்றார்.

என் பாஸ்போர்ட் பெட்டிக்குள், ஜிப்புக்குள், நீங்கள் சொன்ன இடத்தில் பத்திரமாக இருந்தது. உங்கள் தங்கையுடையது அவள் கைப்பையில். அந்தக் கைப்பையை உலகத்தில் யார் சொன்னாலும் அவள் வெளியே வைக்க மாட்டாள், அண்ணன் உட்பட.

இருந்தாலும் போனோம். மதிலைச் சுற்றிக்கொண்டு, நான் பைஜாமாவில், அவள் புதுத் துணியில். பார்க்கிறவர்கள் நோயாளியைக் கூட்டிப்போவதாக நினைத்து வழி விட்டார்கள். கவுண்டரில் இருந்தவரிடம் போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கியும் காட்டினேன். "படம் போகலாம் சார், நீங்க போக முடியாது" என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் உங்கள் தங்கையைப் பார்த்தேன். சரி, வீட்டுக்குப் போகலாம் வாங்க என்று சொல்லப் போகிறாள், வழியெல்லாம் பேசாமல் வரப் போகிறாள், அதற்குப் பிறகும் பேசப் போவதில்லை என்று மனதைத் தயார்செய்துகொண்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கவுண்டர்காரரிடம், "ஒருத்தர் மட்டும் போகலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமாப் போகலாம் மேடம்."

இருபத்தேழு வருஷத்தில் அவள் நானில்லாமல் போன அதிகபட்சத் தூரம் உங்கள் வீடு. என் வாயில் இருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. "போயிட்டு வா. நான் பெட்டியைப் பார்த்துக்கறேன்" என்றேன்.

"எந்தப் பெட்டியை?" என்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்து என் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் கையில் வைத்து, "சாப்பிட்ட பிறகு. முன்னாடி இல்லை" என்றாள். மாற்றுத் துணி கிடையாது, ஒரு சீப்பு, ஒரு மூக்குக்கண்ணாடி, அவ்வளவுதான். உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று கேட்காதீர்கள், பின்னால் நின்றவர் தொப்பி மறைத்துவிட்டது.

இப்போது நான் ஓட்டலிலேயே இருக்கிறேன். எதிரே கடையில் உடை வாங்கினேன். துறைமுகத் தொழிலாளிகள் போடுகிற நீல உடுப்புதான் என் இடுப்புக்குக் கிடைத்தது. போட்டுக்கொண்டு கீழே வந்த முதல் நாளே ஒருவர் தன் பெட்டியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். ஓட்டலில் எனக்குக் "கப்பல் சார்" என்று பெயர். தினமும் யாராவது ஒரு தம்பதி ரயிலில் இருந்து இறங்கி, மதிலுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் போய், "இருங்க, நான் சொல்றதை முதல்ல கேளுங்க" என்று ஆரம்பித்து, வாசல் எங்கே, எந்த அறையில் வாளி உயரமானது, பெட்டியை ஏன் வெளியே வைக்கக் கூடாது என்று எல்லாம் சொல்கிறேன். நேற்று ஒருவர் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். உங்கள் நினைவு வந்தது.

உங்கள் தங்கை போனில் படம் அனுப்புகிறாள். முதல் படத்தில் வெறும் தண்ணீர், ஆள் இல்லை, ஓரமும் இல்லை. இரண்டாவதில் இரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. எதிர் நாற்காலியில் கைப்பையை உட்கார வைத்திருக்கிறாள். கைப்பைக்கு நல்ல காற்று கிடைக்கட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. அறை வசதியாக இருக்கிறது, தரை ஆடாமல் இருக்கிறது. அவள் திரும்பி வரும்வரை இங்கேயே இருந்து, கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்கிறேன். இனி என் வாழ்நாளில் துறைமுகத்துக்கு ரயிலேற மாட்டேன், துறைமுகத்து ஓட்டலில் தங்க மாட்டேன், எல்லாவற்றுக்கும் மேலாக உங்களிடம் யோசனை கேட்க மாட்டேன். இதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவலாக எடுத்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள், கொஞ்சம் நாக்குக்கும்.

என்றும் மரியாதை மாறாத,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இதை மடித்து உறையில் போடுவதற்குள் வேன் வந்துவிட்டது. பெட்டிகள் இரண்டும் வந்தன, ஸ்வெட்டர் வரவில்லை, பாஸ்போர்ட் ஜிப்புக்குள் இருக்கிறது. கவுண்டர்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். கப்பல் நாளை மறுநாள் அடுத்த துறைமுகத்தில் நிற்குமாம், அங்கே வந்தால் ஏற்றிக்கொள்வார்களாம். அந்த ஊருக்கு இன்று சாயங்காலம் ரயில் இருக்கிறது, டிக்கெட் வாங்கிவிட்டேன். முந்தின நாளே போய்த் தங்குவதுதான் நல்லது, கப்பல் காத்திருக்காது. தபாலில் போட்டால் நேரமாகும் என்பதால் இந்தத் தாள்களைப் படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். பார்த்ததும் கூப்பிடுங்கள். அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் எந்த ஓட்டல், எந்தப் பக்கத்து ஜன்னல் என்று முதலில் இருந்து சொல்லுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன். சாப்பிடாமல், நின்றுகொண்டே கேட்கிறேன்.