சூரினாம்காரருக்குக் கொடுத்த அறை

"அண்ணே, இந்த மொட்டைக்குக் கச்சுப்பா போடவா, ஸ்பகெட்டி போடவா?" என்று அடுப்படியிலிருந்து சமையல்காரி மெனா கத்தினாள்.

"வெளிநாட்டுக்காரர். வயிறு தாங்காது. ஸ்பகெட்டியே போடு," என்றான் செல்சோ.

மொட்டைக்குச் சொந்தக்காரரான ஒலிம்பியோ ஒன்றும் புரியாதவர் மாதிரி ஜன்னல் வழியே எரிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. அவர்கள் பேசிய ஊர்ப்பேச்சு அவர் வாயில் முதலில் ஏறிய பேச்சு. மக்காச்சோளமும் பீன்ஸும் பன்றிக்கொழுப்பும் ஒன்றாக வேகிற அந்தக் கச்சுப்பா வாசனையை அவர் பல வருஷமாகக் கனவில்தான் முகர்ந்துகொண்டிருந்தார். ஸ்பகெட்டி போடச் சொன்னவனோ அவருடைய கூடப்பிறந்த தம்பி.

மீசை அரும்பிய வயதில் இந்த ஃபோகோ தீவை விட்டுக் கப்பலேறியவர் அவர். ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே வழுக்கை. கடைசியாக எரிமலை வெடித்து நெருப்புக் குழம்பு ஊருக்குள் நகர்ந்து வந்தபோது செல்சோ போன் பண்ணினான். "வீடு போகுதுண்ணே" என்று அழுதான். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒலிம்பியோ, "போனாப் போகட்டும்டா. அந்தக் கரிமண்ணுல மனுஷன் இருப்பானா? கிளம்பி இங்க வந்துடு" என்றார். செல்சோ போனை வைத்தவன்தான், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

தனக்குத் தம்பி என்று ஒருவன் இன்னும் இருக்கிறானா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். திட்டம் சுலபமானது. தம்பி நடத்தும் விடுதியில் மனைவியின் குடும்பப்பெயரில் அறை எடுப்பது, தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போய் இறங்குவது, தம்பியின் முகத்தில் கோபம் இல்லை என்றால் உண்மையைச் சொல்லிக் கட்டிப்பிடிப்பது, இருந்தால் சுற்றுலாப் பயணியாகவே திரும்பிவிடுவது. ராட்டர்டாமில் உட்கார்ந்து யோசித்தபோது இதில் ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை.

முதல் ஓட்டை சாப்பாட்டு மேஜையிலேயே விழுந்தது.

"சாருக்கு எந்த ஊரு?" என்று செல்சோ போர்த்துகீசிய மொழியில் கேட்டான்.

"நான் நெதர்லாந்து தேசத்திலிருந்து வருகிறேன்," என்றார் ஒலிம்பியோ, வேண்டுமென்றே தடவித் தடவி.

"பார்த்தா நம்ம ஊர்க்காரர் மாதிரில்ல இருக்கு?"

"இல்லை, இல்லை. என் பூர்வீகம் சூரினாம்."

"அட. அங்க எரிமலை உண்டா?"

நெதர்லாந்து ஒரு காலத்தில் ஆண்ட அந்தச் சூரினாமில் எரிமலை கிடையாது. ஆனால் பொய் சொல்ல ஆரம்பித்த வாய்க்குப் பூகோளம் ஒரு பொருட்டா? "உண்டு. ஒன்று. சிறியது," என்றார்.

"அப்ப மலையேத்தமெல்லாம் சாருக்குத் தண்ணி பட்ட பாடு. நாளைக்கு விடியறதுக்குள்ள உச்சிக்குப் போயிருவோம்."

ஒலிம்பியோ ஸ்பகெட்டித் தட்டைத் தள்ளி வைத்தார். இந்த எரிமலைக் கிண்ணத்துக்குள் பிறந்த பிள்ளைகள் நடக்கத் தெரிந்ததும் மலையேறத்தான் பழகும். ஒலிம்பியோ மட்டும் கடைசிவரை ஏறியதில்லை. ஒவ்வொரு தடவையும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார். கீழே பார்த்தால் தலை சுற்றும் என்பது அவருக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். வயிற்றுவலி பழைய சரக்காயிற்றே என்று இந்த முறை முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கவும். என் முழங்காலில் கடும் வலி உள்ளது."

"முழங்கால்தானே? மெனா, அந்த ஆட்டுக்கொழுப்பையும் கரும்புச் சாராயத்தையும் எடுத்துட்டு வா."

மெனா மாவு பிசைகிற கை உள்ளவள். எந்த வலியும் இல்லாத அந்த முழங்காலை அவள் இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

"அய்யோ அம்மா!" என்று ஒலிம்பியோ ஊர்ப்பேச்சிலேயே அலறினார்.

மெனா முழங்காலை விட்டாள்.

"கத்துறதப் பாருங்கண்ணே, நம்ம ஊர் ஆள் மாதிரியே," என்றாள் மெனா.

செல்சோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லா ஊர்லயும் அம்மா அம்மாதான் போல, சார்?"

"ஆம்," என்றார் ஒலிம்பியோ மூச்சு வாங்க. "எல்லா மொழிகளிலும் அவ்வாறே."

"இன்னொரு காலையும் பாத்துரு மெனா," என்று சொல்லிவிட்டுச் செல்சோ எழுந்து போனான்.

இத்தனைக்கும் பிறகு நிம்மதியாகப் படுக்கலாம் என்று பார்த்தால் அறையும் வாய்க்கவில்லை. வீட்டின் முன்பக்கம் மலையைப் பார்த்தபடி ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட அழகான அறைகள் இருந்தன. அவருக்குக் கொடுத்ததோ பின்பக்கம், ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய அறை. எண் கிடையாது, சாவி கிடையாது. புதுச் சுவரில் ஒரு பழைய மரக்கதவு, அதற்குத் திக்காகப் பச்சைப் பெயின்ட். திறந்தால் ஒரு தடவை முனகும், மூடினால் இரண்டு தடவை முனகும். ஆறாத குழம்பின் மேலேயே கட்டிய வீடு என்பதால் தரை வேறு தோசைக்கல் மாதிரி சுட்டது.

"முன்னால் உள்ள அறைகள் காலியாக உள்ளனவே?" என்று கேட்டுப் பார்த்தார்.

"அதுக்கெல்லாம் ஆளு வர்றாங்க சார்."

"தரை மிகவும் சூடாக உள்ளது."

"செருப்புப் போட்டுக்கங்க."

"கதவு சத்தமிடுகிறது."

"அது அப்படித்தான் சார். பழைய பழக்கம்," என்றான் செல்சோ.

ஒலிம்பியோவுக்கு ரோஷமாக இருந்தது. சொந்தத் தம்பி வீட்டில் ஆட்டுக்குப் பக்கத்தில் படுக்கை. ஆனால் ரோஷப்படும் உரிமை சூரினாம்காரருக்கு ஏது? செருப்போடு படுத்துக்கொண்டார்.

காலையில் அடுத்த வம்பு காத்திருந்தது. தம்பிக்கென்று அவர் வாங்கி வந்த பெரிய சாக்லேட் பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தார். தரைச் சூட்டில் அது முழுக்க உருகி, பெட்டியை விட்டு வெளியேறி, பழுப்பாகக் கதவிடுக்கு வரை வந்து நின்றது. அவர் கண் விழித்தபோது கதவுக்கு வெளியே மெனாவின் குரல் கேட்டது.

"அண்ணே, மொட்டைக்கு வயிறு புட்டுக்கிச்சு. பாவம், வாசல் வரைக்கும்கூட வர முடியல போல."

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் ரிப்பன் கட்டிய பெட்டி யாருக்கு என்று கேட்டால்? ஒலிம்பியோ ரிப்பனைச் சட்டைப்பைக்குள் திணித்தார். பெட்டியைப் பைக்குள் அமுக்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"வயிறு சரியில்லை," என்றார்.

அதன் பலன் உடனே கிடைத்தது. மாதுளந்தோலை வேகவைத்த கஷாயம் ஒரு பெரிய குவளை, உப்பில்லாத சோற்றுக் கஞ்சி ஒரு கிண்ணம். எதிரே உட்கார்ந்து செல்சோ, நேற்றைய கச்சுப்பாவை வெங்காயம் போட்டு வறுத்து, மேலே ஒரு முட்டையையும் உடைத்து ஊற்றிச் சாவதானமாகச் சாப்பிட்டான். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை வேறு மூடிக்கொண்டான்.

"சாருக்கு இது ஒத்துக்காது," என்றான் நடுவில்.

வெயில் தாழ்ந்ததும், "மலைதான் முடியாது, சமதரையில நடக்கலாம்ல?" என்று செல்சோ அவரை அழைத்துப் போனான். ஊர் இருந்த இடத்தில் கறுப்புப் பாறை அலை அலையாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் எங்கே, கடை எங்கே என்று ஒலிம்பியோவின் கண் தானாகத் தேடியது, எதுவும் இல்லை. போனில் 'கரிமண்' என்று சொன்னபோது அவர் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நெஞ்சு வலித்தது, இந்த வலி நிஜம்.

ஓரிடத்தில் பாறைக்கு மேலே கான்கிரீட் கூரையின் ஒரு மூலை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. செல்சோ அதில் போய்த் திண்டில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தான்.

"இது எங்க வீடு, சார். நீங்க நிக்கிறது அடுப்படி."

ஒலிம்பியோ அனிச்சையாகக் காலைத் தூக்கிக்கொண்டார். எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் அம்மா படுத்திருந்த இடம், இன்னொரு பக்கம் அவரும் தம்பியும் ஒரே பாயில் உருண்ட இடம்.

"ஏதேனும் பொருட்களைக் காப்பாற்றினீர்களா?"

"குழம்பு மெதுவாத்தான் வந்துச்சு. எல்லாரும் ஃப்ரிட்ஜு, டிவி, தண்ணித்தொட்டின்னு கழட்டி எடுத்துட்டு ஓடினாங்க. நான் வாசக் கதவக் கழட்டி முதுகுல கட்டிக்கிட்டு ஓடினேன். ஊரே சிரிச்சுச்சு."

"கதவா? ஏன்?"

"முட்டாப்பய புத்தி," என்றான் செல்சோ. ஒரு சிறு கல்லை எடுத்து எறிந்தான்.

கேட்டுவிட வேண்டும் என்று ஒலிம்பியோவுக்குத் தோன்றியது. இதைக் கேட்கத்தானே கடல் தாண்டி வந்தது. "உங்களுக்கு... உடன்பிறந்தவர்கள் உண்டா?"

செல்சோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தான். "ஒரு அண்ணன் இருந்தான்."

"இருந்தாரா?"

"போயிட்டான். மலை ஏறப் பயந்துகிட்டுக் கப்பல் ஏறினவன்."

"காலமாகிவிட்டாரா?"

"அத அவன்தான் சொல்லணும், சார்," என்றான் செல்சோ. பார்வையை எடுக்காமல் காத்திருந்தான்.

இதோ நான்தான்டா என்று சொல்ல ஒலிம்பியோவின் நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு ஒரு மூச்சு போதும். ஆனால் தம்பியின் கண்ணில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று கறுப்புக் கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. 'இருந்தான்' என்று சொல்லிவிட்டானே என்பதுதான் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. பயந்தவருக்குப் பயம் மலையில்தான் வரும் என்று என்ன கட்டாயம்?

"மிகவும் வருந்துகிறேன்," என்றார்.

செல்சோ வறட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான். தொப்பியை மாட்டிக்கொண்டான். "நீங்க எதுக்கு சார் வருந்தணும். சூரினாம்காரர்."

திரும்பி நடக்கையில் செல்சோ முன்னால் போனான். ஒலிம்பியோ முடிவெடுத்துவிட்டார். காலை வேனில் கிளம்பிவிடுவது. தம்பி உயிரோடு, உடம்புக்கு நன்றாக இருக்கிறான். தனக்குத்தான் தம்பி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்தார், தெரிந்துகொண்டாயிற்று.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் பையோடு வெளியே வந்தபோது செல்சோ இல்லை. திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டானாம்.

"யாரையும் வழியனுப்ப அவருக்குப் பிடிக்காது," என்று கைஜாடையால் விளக்கினாள் மெனா. அவளே பையைத் தூக்கிக்கொண்டு வேன் நிற்கிற இடம் வரை வந்தாள். ஒலிம்பியோ ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பச்சைக் கதவை யாரும் மூடவில்லை, காற்றில் முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இதற்கு முன்பு எங்கோ கேட்டிருக்கிறோமே என்று ஏனோ தோன்றியது.

டிரைவர் ஹாரனை அழுத்தினான். ஒலிம்பியோ ஒரு காலைப் படியில் வைத்தார். நன்றி சொல்லாமல் போவது மரியாதையில்லை. "எல்லாம் நன்றாக இருந்தது," என்றார். "அறைக்கு மட்டும் ஓர் எண் எழுதி வைக்கச் சொல்லுங்கள்."

மெனாவுக்கு அரைகுறையாகப் புரிந்தது. சூரினாம்காரருக்கு எதுவும் புரியாது என்ற தைரியத்தில், ஊர்ப்பேச்சில், சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள்.

"அதுக்கு எதுக்கு மொட்டை நம்பரு? அது வாடகை ரூமே இல்ல. அவரோட அண்ணன் ஒரு நாள் வந்து நின்னா தட்டுறதுக்கு நம்ம பழைய கதவு வேணும்னு சுமந்துட்டு வந்து, அதுக்காகவே கட்டின ரூமு. இத்தன வருஷத்துல ஒரு ஈ, எறும்ப உள்ள விட்டதில்ல."

அவள் பையை அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு என்ன தோணுச்சோ மனுஷனுக்கு, நீ இந்த வேன்லேருந்து இறங்கி நாலு எட்டு நடந்து வர்றதப் பாத்ததுமே, 'மெனா, ஓடிப்போய் அந்த ரூமுக்குப் புதுப் போர்வை விரி'ன்னாரு."