புவாண்ட்-கிளேரில் என் பாஸ்போர்ட் களவுபோன கதை

என்னைப் பற்றிய ஒரு உண்மையை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நம்பி நான் ஒருநாளும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டது கிடையாது. பயணம் என்றால் மற்றவர்கள் அங்கே எதைப் பார்க்கலாம் என்று யோசிப்பார்கள். அங்கே எப்படியெல்லாம் அகப்படலாம் என்று நான் யோசிப்பேன். விமானத்தில் சீட் பெல்ட் போடக் காட்டித்தரும் பணிப்பெண்ணை வைத்த கண் வாங்காமல் பார்க்கும் ஒரே பயணி நான்தான். (வதனி இதற்கு வேறு காரணம் சொல்லுவாள். நம்பவேண்டாம்.)

நான் வேலை செய்யும் பண்டசாலையில் என்னைப் பாதுகாப்புக் குழுவில் சேர்த்த பிறகு இந்த வருத்தம் முற்றிப்போனது. இரண்டு நாள் வகுப்பும், ஒரு செம்மஞ்சள் மேலங்கியும், ஒரு விசிலும் தந்தார்கள். ஒரு மனிதனைக் கெடுக்க அது போதும்.

நாலு வருஷத்துக்கு முன், கனடாவில் மொன்றியலில் இருக்கும் எங்கள் குடும்பம் முதன்முதலாகச் சொந்தக்காரர் யாருமே இல்லாத நாடொன்றுக்குப் போக முடிவெடுத்தது. அதுவரை வெளிநாடு என்றால் பரிஸில் சித்தப்பா வீடு அல்லது லண்டனில் மச்சாள் வீடுதான். விமானநிலைய வாசலில் கார் நிற்கும், வீட்டில் புட்டு அவிந்துகொண்டிருக்கும். இந்த முறை லிஸ்பன். அங்கே எங்களுக்குத் தெரிந்த காகம்கூட இல்லை.

போவது நாலு பேர். நான், மனைவி வதனி, பதின்மூன்று வயது மகள் ஆரணி, வதனியின் தகப்பனாரான என் மாமா. மாமாவுக்கு எழுபத்துநாலு வயது, காதும் கொஞ்சம் மந்தம். அவரை எங்கேயாவது தவறவிட்டுவிடுவோம் என்ற பயத்தில் எனக்கு நித்திரையே வரவில்லை. (மாமா முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர். துறைமுகம் துறைமுகமாக உலகத்தைச் சுற்றியவர். அவருக்குத்தான் தொலையாமல் இருப்பது எப்படி என்று நான் படிப்பிக்க வெளிக்கிட்டேன்.)

ஆளுக்கொரு அட்டை தயாரித்தேன். பெயர், இரத்த வகை, எடுக்கும் மருந்து, தொடர்புகொள்ள இரண்டு தொலைபேசி எண்கள். என் அட்டையில் முதலாவது வதனியின் எண். இரண்டாவது, நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் சிவநேசன் அண்ணையின் எண். கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர், எந்த நேரமும் போன் எடுப்பார். அட்டைகளை பிளாஸ்டிக் உறையிட்டுக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, ஒரு சனிக்கிழமை காலை, மற்ற மூன்று பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் உள்ள ஒரு பெரிய ஷொப்பிங் சென்டருக்குப் போனேன். ஒத்திகை பார்க்க.

"இப்ப இதுதான் லிஸ்பன்," என்றேன்.

"லிஸ்பனிலயும் பார்க்கிங் இவ்வளவு தூரமோ?" என்றாள் வதனி.

எல்லோருடைய போன்களையும் வாங்கி டிக்கிக்குள் பூட்டினேன். திருடன் போனை விட்டுவைப்பானா? ஒவ்வொருவருக்கும் ஒரு ஆபத்து கொடுத்தேன். வதனி மருந்துப் பையைத் தொலைத்துவிட்டாள், மருந்துக்கடை தேடவேண்டும். ஆரணியும் மாமாவும் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள், தனித்தனியாக வழி கேட்டு வரவேண்டும். எனக்கு மட்டும் பெரிய ஆபத்து. பாஸ்போர்ட் களவுபோய்விட்டது, அதிகாரிகளிடம் முறையிடவேண்டும். சரியாகப் பதினொரு மணிக்கு எல்லோரும் கிழக்கு வாசல் கதிரைகளில் சந்திப்பதாக ஏற்பாடு.

நான் நேரே தகவல் மேசைக்குப் போனேன். அங்கே ஒரு இளம்பெண் சிரித்தபடி பொன்ஜூர் சொன்னாள். இது ஒத்திகை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் சொன்னால் அவள் உண்மையாக நடந்துகொள்ள மாட்டாளே என்று என்னுடைய செம்மஞ்சள் மூளை நினைத்தது.

"என் பாஸ்போர்ட்டைக் களவெடுத்துவிட்டார்கள்," என்றேன், என் உடைந்த பிரெஞ்சில்.

"எங்கே, மெஸ்யூ?"

"சந்தையில்."

"எந்தச் சந்தை?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "தெரியாது. நான் இந்த நாட்டுக்குப் புதிது. உடனடியாகக் கனடாவுக்குத் திரும்பவேண்டும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். குரல் தணிந்தது. "மெஸ்யூ, நீங்கள் கனடாவில்தான் இருக்கிறீர்கள்."

"அது எனக்குத் தெரியும்," என்றேன். "ஆனால் இப்போதைக்கு நான் கனடாவில் இல்லை."

என் வாழ்க்கையில் நான் சொன்ன வசனங்களில் திருப்பி வாங்க விரும்புவது அது ஒன்றைத்தான். அவள் எழுந்து வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். எங்கிருந்தோ ஒரு காவலாளி வந்து என் தோளில் மெதுவாகக் கை வைத்தார். யாரோடு வந்தீர்கள் என்று கேட்டார். மனைவி, மகள், மாமா, எல்லோரும் தொலைந்துவிட்டார்கள் என்றேன். போன்? காரில். கார்? எந்த வாசல் பக்கம் விட்டேன் என்பது, சத்தியமாக, அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

இனிப் போதும் என்று ஒத்திகை விஷயத்தை அவிழ்த்தேன். பதற்றத்தில் பிரெஞ்சு பறந்துவிட்டது. ஆங்கிலமும் பின்னால் போய்விட்டது. நான் எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அவர்கள் தலையாட்டினார்கள். அவள் என் கழுத்து அட்டையைக் கண்டு பரவசப்பட்டாள். வதனியின் எண்ணுக்கு அடித்தாள். டிக்கிக்குள் அது தனியாக அடித்து ஓய்ந்திருக்கும். பிறகு சிவநேசன் அண்ணைக்கு அடித்து, எனக்குக் கேட்காத தூரத்தில் நின்று நீளமாகக் கதைத்துவிட்டுப் போனை என்னிடம் தந்தாள்.

"தம்பி, பயப்பிடாதை. ஒரு இடமும் போகாதை," என்றார் அண்ணை. "நான் வாறன்."

"அண்ணை, எனக்கு ஒண்டுமில்லை. இது சும்மா ஒரு பயிற்சி."

"ஓம் ஓம், பயிற்சிதான்," என்றார், காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல. "ஆர் வேண்டாம் எண்டது? இருந்த இடத்திலேயே இரு ராசா."

காவலாளி எனக்கு ஆரஞ்சுச் சாறும் பிஸ்கட்டும் கொண்டுவந்து தந்தார். அட்டையில் சர்க்கரை வருத்தம் என்று எழுதாததற்காக அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்; எழுதியிருந்தால் அதுவும் கிடைத்திராது. பிறகு ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. எட்டு எழுத்துப் பெயரை அவர்கள் பன்னிரண்டாக்கினார்கள்.

அந்த நேரம் கிழக்கு வாசலில் நிலைமை வேறு. சொன்ன இடத்துக்கு மாமா நாலு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்து, யாரோ ஒரு கிரேக்கக் கிழவரோடு அவர் மொழியிலேயே கதைத்துக்கொண்டிருந்தாராம். ஆரணியும் வதனியும் வந்துவிட்டார்கள். பதினொன்று தாண்டி அரை மணித்தியாலமாகியும் என்னைக் காணவில்லை. போனும் இல்லை, கார்த் திறப்பும் என்னிடம். அப்போதுதான் ஒலிபெருக்கி.

வதனி ஓடிவந்தாள். ஒரு கை நெஞ்சில். என்னைக் கண்டதும் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னப்பா செய்யுது? நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதே?"

"ஒண்டுமில்லை," என்றேன். பிஸ்கட் வாய்க்குள் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகை இல்லை, சிரிப்பு.

காவலாளி அவளை ஓரமாக அழைத்து, "மதாம், இவருக்கு இப்படி அடிக்கடி வருமா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் வதனி, அழகான பிரெஞ்சில். "கலியாணம் கட்டின நாளிலிருந்து."

நாங்கள் வெளிக்கிட ஆயத்தமாகும்போது சிவநேசன் அண்ணை வந்து சேர்ந்தார். கோயில் நிர்வாகத்தில் இன்னும் இரண்டு பேர், ஒரு கம்பளிப் போர்வை, ஒரு பிளாஸ்க் கோப்பி, நெற்றியில் பூச விபூதி. விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தேன். "பேந்து கதைப்பம்," என்று சொல்லி விபூதியைப் பூசிவிட்டார்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது மாமா சொன்னார்: "தம்பி, லிஸ்பனில நீங்கள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

லிஸ்பனில் ஒன்றுமே நடக்கவில்லை. பத்து நாள், ஒரு தும்மல்கூட இல்லை. எல்லோரும் சந்தோஷமாகத் திரிந்தோம். மாமா எங்களை டிராமில் ஏற்றி இறக்கினார். (எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான்.)

ஆனால் மொன்றியலில் கதை அதற்குள் பரவிவிட்டது. பயணத்தால் திரும்பியபோது, கதவுப் பிடியில் ஒரு பை வல்லாரைக் கீரை தொங்கியது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஞாபகசக்திக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்பது எங்கள் சனத்தின் அசையாத நம்பிக்கை. அன்று தொடங்கியது. இன்று எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் தட்டில் முதலில் விழுவது வல்லாரைச் சம்பல்தான். எனக்கு அது கண்ணிலும் காட்டக்கூடாத சாமான்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு அக்காவை நான் முன்பின் கண்டதில்லை. சம்பலை வைத்துவிட்டு, மரியாதைக்கு ஒரு கதை கேட்டார்.

"தம்பி, நீங்கள் எங்கை இருக்கிறியள்?"

எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்றுதான் பாவம் அவர் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கனடாவில்," என்றேன்.

மேசை முழுக்க வெடித்துச் சிரித்தது. ஆரணி கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒருதரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, இன்னுமொரு கரண்டி வல்லாரைச் சம்பல் வைத்தார்.