மஞ்சள் குடைக்காரி

எழுத்தாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் முழங்கைக்கு அடியிலிருந்து ஒன்பதாவது அத்தியாயத்தை மெல்ல உருவிக்கொண்டிருந்தார். பாதி வந்துவிட்டது.

"படிச்சாச்சு. வச்சிடுங்க," என்றாள் அவள், நிமிராமலே.

வைத்துவிட்டார். நாளை அச்சுக்குப் போகவேண்டிய அவருடைய சுயசரிதை, சாப்பாட்டு மேசை முழுக்கப் பரந்து கிடந்தது.

"யாருங்க இந்த மஞ்சள் குடைக்காரி?"

"யாருமில்லம்மா. சும்மா கற்பனை."

"சுயசரிதையிலயா?"

வாரந்தோறும் தொடர்கதையால் வாசகர்களைத் தூங்கவிடாமல் அடித்த மனிதர், அவசரமாக ஒரு திருப்பத்தைத் தேடினார்.

"அது... நீதான்! மாறுவேஷத்துல."

"நானா? இவ பாடினா குயில் வாயை மூடிக்குதாம். நான் பாடினா நீங்க ஜன்னலையில்ல மூடுவீங்க!"

சொதப்பல். பேனாவை எடுத்தார்.

"விடு, ஆளைத் தீர்த்துடறேன்."

துப்பறியும் கதை எழுதிப் பழகிய கை. ஒரே பத்தியில் குடைக்காரி மேல் லாரி ஏறியது. பழக்கதோஷம், உருக்கமாக ஒரு கடைசி வரியும் விழுந்து தொலைத்தது.

வாங்கிப் படித்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"'இவளை இழந்ததே என் வாழ்நாள் வருத்தம்.' அப்படியா சேதி? என்னைப் பத்தி மொத்தப் புத்தகத்துலயும் ஒரே வரி. 'அந்த வருஷம் எனக்கு டைபாய்டும் திருமணமும் வந்தன.' டைபாய்டுக்காவது அப்புறம் ரெண்டு பக்கம் இருக்கு!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அவள் எழுந்து பெட்டியை எடுத்தாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க."

இனி கௌரவம் பார்த்தால் குடும்பம் நடக்காது. பதிப்பாளருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அலறவிட்டார்.

"சார், நீங்களே சொல்லுங்க! எனக்குக் காதலே கிடையாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா? ஒரு அத்தியாயமாவது வேணும்னு நச்சரிச்சது யாரு?"

"நான்தான் சார். ஏன், என்னாச்சு?"

எழுத்தாளர் மனைவியை வெற்றிப் பார்வை பார்த்தார். அவளோ பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"போதும், போனை வைங்க! அவரை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க?"

அவர் போனைக் கைக்கெட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார்.

"என்னாச்சா? உங்களால என் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறா சார்!"

"ஐயையோ, பழியை என் தலையில போடாதீங்க!" பதிப்பாளர் பதறினார். "'காதலைப் பத்தி ஒரு அத்தியாயம் கேட்டு வாங்குங்க, அதுலயாவது நான் வர்றேனான்னு பாக்கிறேன்'னு எனக்குப் போன் பண்ணினதே உங்க வீட்டம்மாதானே சார்!"